நாளுக்கு மூன்று ஊசியா, வாரத்துக்கு ஒன்றா?

கேள்வி: எனக்கு வயது 47. ஒரு வருடமாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன். தொப்பை குறையவில்லை, களைப்பும் போகவில்லை. பயிற்சியாளர் சொன்னதால் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் அளவைப் பார்த்தேன். ஒரு மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம் என்று வந்தது. "கிட்டத்தட்டக் காலி" என்கிறார் அவர். ஹார்மோனையே போடாமல், உடம்பு தானாகச் சுரக்கும்படி தூண்டிவிடும் பெப்டைடு ஊசி போடலாமாம். அதில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்றை நாளுக்கு இரண்டு மூன்று முறை போட வேண்டும், இன்னொன்றை வாரத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். இன்சுலினில்கூட நீண்ட நேரம் வேலை செய்யும் ஊசிகள் வந்துவிட்டன இல்லையா? அப்படியானால் வார ஊசிதானே மேலானது? எனக்கு எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் சோதனை) 6.1. வேறு நோய் எதுவும் இல்லை. இரவில் பலமாகக் குறட்டை விடுவதாக மனைவி சொல்கிறார்.

பதில்: நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு இரண்டு ஊசியுமே வேண்டாம். அந்த இரண்டில் வார ஊசி மேலானது என்ற கணக்கும் தவறு. ஏன் என்பதற்கான விளக்கம் உங்கள் கையில் இருக்கும் அந்த 0.1 என்ற எண்ணிலேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் நாள் முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும். வளர்ச்சி ஹார்மோன் அப்படி இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அதை அலை அலையாக விடுகிறது. ஓர் அலை எழும்போது அளவு பல மடங்கு ஏறும். பிறகு வேகமாக வடிந்துவிடும், ஏனென்றால் ரத்தத்தில் இந்த ஹார்மோனின் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஏறத்தாழ 20 நிமிடம்தான். ஆண்களுக்கு நாளின் மிகப் பெரிய அலை பெரும்பாலும் இரவு தூங்கிய சிறிது நேரத்தில், முதல் ஆழ்ந்த தூக்கத்தோடு சேர்ந்து வருகிறது. கடுமையான உடற்பயிற்சியும் பட்டினியும் அலையை எழுப்பும். சாப்பாடு, குறிப்பாக மாவுச்சத்து, அதை அமுக்கும். இரண்டு அலைகளுக்கு நடுவில், அதாவது பகலின் பெரும்பகுதியில், முழு ஆரோக்கியமான ஆணின் ரத்தத்தில் இந்த ஹார்மோன் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்கு இறங்கிக் கிடக்கும்.

ஆக, காலை பதினோரு மணிக்கு 0.1 என்பது ஒரு நோயின் அடையாளமே இல்லை. எந்த நேரத்திலோ ஒரு முறை எடுத்த ரத்தத்தை வைத்து வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு இருக்கிறது என்று எந்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவரும் சொல்ல மாட்டார். உண்மையிலேயே சந்தேகம் வந்தால் சுரப்பியைத் தூண்டிப் பார்ப்போம். இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கியோ, குளூக்ககான் ஊசி போட்டோ, 2017ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மாசிமோரெலின் என்ற குடிக்கும் மருந்தைக் கொடுத்தோ, அடுத்த சில மணி நேரம் ரத்தம் எடுத்து உச்சம் எவ்வளவு என்று அளப்போம். கூடவே ஐஜிஎஃப்-1 பார்ப்போம். வளர்ச்சி ஹார்மோன் சொல்லக் கல்லீரல் தயாரிக்கும் பொருள் இது, பகலெல்லாம் நிலையாக இருப்பதால் ஒருமுறை அளந்தாலும் அர்த்தம் உண்டு.

இந்தத் தாழ்ந்த மட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குறுகிய நேர ஊசிக்கும் நீண்ட நேர ஊசிக்கும் இருக்கும் உண்மையான வித்தியாசம், நாளின் பெரும்பகுதியில் நீடிக்கும் இந்தப் பள்ளத்தை அவை என்ன செய்கின்றன என்பதில்தான் இருக்கிறது.

அலையை உண்டாக்குவது யார்? பிட்யூட்டரிக்கு மேலே மூளையில் இருக்கும் ஹைபோதலாமஸிலிருந்து இரண்டு கட்டளைகள் வருகின்றன. ஒன்று 'விடு' என்கிறது. இதைச் சொல்வது 44 அமினோ அமிலம் கொண்ட தூண்டு ஹார்மோன். இன்னொன்று 'நிறுத்து' என்கிறது, அது சோமாடோஸ்டாடின். தடை தளரும் நேரத்தில் தூண்டுதல் வந்தால் அலை எழும். மூன்றாவதாக, வயிற்றிலிருந்து வரும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் வேறொரு வாசல் வழியாக வந்து இதற்குக் கைகொடுக்கிறது. உங்கள் பயிற்சியாளர் 'பெப்டைடு' (அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) என்று ஒரே பெயரில் சொல்லும் மருந்துகள் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒரு குடும்பம் தூண்டு ஹார்மோனைப் போல நடிக்கிறது, மற்றது கிரெலினைப் போல. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனி விளைவுகளின் கூட்டுத்தொகையைவிட அதிகமாகச் சுரக்கும். ஜோடியாக விற்பதற்கு அதுதான் காரணம்.

சுரப்பி செல்களைக் கிணற்றோடு ஒப்பிடலாம். இறைத்தபின் ஊற நேரம் வேண்டும். ஊறிய பின் இறைத்தால் நிறைய வரும், ஊறவிடாமல் இறைத்தால் வரத்துக் குறையும். பிட்யூட்டரி தயார் செய்து சேமித்து வைத்த ஹார்மோனைத்தான் ஒரு கட்டளைக்கு வெளியே விடுகிறது. விட்டபின் கொஞ்ச நேரம் அடுத்த கட்டளைக்கு மந்தமாகத்தான் பதில் சொல்லும்.

இப்போது குறுகிய நேர வகை. தூண்டு ஹார்மோனை 1982ல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் பிரித்தெடுத்தன. அதை அவர்கள் மூளையில் கண்டுபிடிக்கவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்புத் தரும் விஷயம். கணையத்தில் வந்த கட்டி ஒன்று இந்த ஹார்மோனை ஓயாமல் சுரந்து, நோயாளிக்குக் கையும் காலும் தாடையும் பெருக்கும் அக்ரோமெகலி நோயை உண்டாக்கியிருந்தது. அந்த மாதிரிக் கட்டிகளிலிருந்துதான் ஹார்மோன் கிடைத்தது. ஓயாத தூண்டுதல் மனித உடம்பில் என்ன செய்யும் என்பதற்கான பாடம் அந்தக் கண்டுபிடிப்போடு கூடவே வந்துவிட்டது.

44 அமினோ அமிலங்களில் முதல் 29 இருந்தாலே முழு வேலையும் நடக்கும். அந்த 29தான் செர்மோரெலின். அமெரிக்காவில் 1997ல் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக ஒப்புதல் பெற்றது. 2008ல் தயாரிப்பாளரே நிறுத்திக்கொண்டார், பாதுகாப்புக் குறையால் அல்ல. அதன் அரை ஆயுள் பத்து நிமிடத்தைச் சுற்றித்தான். ரத்தத்தில் இருக்கும் டிபிபி-4 என்ற நொதி அதன் முனையிலிருந்து இரண்டு அமினோ அமிலங்களை வெட்டிவிடும், அதோடு மருந்து செத்துவிடும். சர்க்கரை நோய்க்குக் கொடுக்கும் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகள் தடுப்பது இதே நொதியைத்தான்.

அந்த வெட்டு விழும் இடம் உட்பட நான்கு இடங்களில் அமினோ அமிலத்தை மாற்றிச் செய்ததுதான் இப்போது 'டிஏசி இல்லாத சிஜேசி-1295' என்ற பெயரில் விற்கப்படுவது (டிஏசி என்னவென்று வார ஊசிக்கு வரும்போது சொல்கிறேன்). நொதிக்குச் சுலபத்தில் அகப்படாது, ஆனாலும் அரை மணி நேரம் அளவுக்குத்தான் நிற்கும். ஒப்புதலோடு இன்றும் பயன்பாட்டில் இருக்கும் டெசமோரெலின் இதே ரகம். முழு 44 அமினோ அமிலத்தோடு முனையில் ஒரு சிறு கொழுப்பு அமிலத் துண்டு சேர்த்தது, அரை ஆயுள் அரை மணி நேரத்தைச் சுற்றியே.

அரை மணி நேரத்தில் கரைந்துபோகிற மருந்தால் என்ன பயன் என்று தோன்றலாம். பயன் சங்கிலியாக வருகிறது. பெப்டைடு நிமிடக் கணக்கில் நிற்கிறது. அது எழுப்பிய அலை ஒன்றிரண்டு மணி நேரம் நீள்கிறது. அந்த அலை கல்லீரலில் செய்வித்த ஐஜிஎஃப்-1, புரதங்களோடு பிணைந்து, அரை நாளுக்கு மேல் ரத்தத்தில் சுற்றுகிறது. நாளுக்கு ஒரே ஒரு முறை 2 மில்லிகிராம் டெசமோரெலின் போட்டு, எச்ஐவி சிகிச்சையால் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கு 26 வாரத்தில் அந்த உள் கொழுப்பு சுமார் 15 சதவீதம் குறைந்தது. அதை வைத்துத்தான் 2010ல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. நிறுத்தினால் கொழுப்பு திரும்பிவிடுகிறது என்பதும் அதே ஆய்வுகளில் தெரிந்தது. தொப்பைக்காக இதைக் கேட்டு வருகிறவர்கள் எல்லோரிடமும் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அழுத்திச் சொல்வேன்.

சரி, வார ஊசி. 'டிஏசி உள்ள சிஜேசி-1295' என்பது மேலே சொன்ன மாற்றிய 29தான், ஆனால் வாலில் டிஏசி என்ற வேதிக் கொக்கி மாட்டியிருக்கும். தோலுக்கடியில் போட்டதும் அந்தக் கொக்கி ரத்தத்தின் அல்புமின் புரதத்தைப் பிடித்துப் பிரியாத பிணைப்பை ஏற்படுத்திக்கொள்ளும். அல்புமின் உடம்பில் வாரக் கணக்கில் வாழும் புரதம், சிறுநீரகமும் அதை வடிகட்டி வெளியேற்றாது. அதன் முதுகில் ஏறிக்கொண்ட பெப்டைடும் கூடவே வாழ்கிறது. கனடாவின் கன்ஜுகெம் நிறுவனம் உருவாக்கிய இதை ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 2006ல் வெளிவந்தன. அரை ஆயுள் 5.8 முதல் 8.1 நாள். ஒரே ஊசியில் ஐஜிஎஃப்-1 ஒன்றரை முதல் மூன்று மடங்கு வரை ஏறி, 9 முதல் 11 நாள் அப்படியே இருந்தது. பலமுறை போட்டவர்களுக்கு 28 நாள் வரைகூட பழைய மட்டத்துக்கு இறங்கவில்லை.

மருந்து வடிவமைப்பு என்று பார்த்தால் இது கெட்டிக்காரத்தனமான வேலைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஹார்மோனின் தாளத்துக்கு என்ன ஆனது?

இங்கே பலரும் ஒரு தவறான வாதத்தை வைக்கிறார்கள். நீண்ட நேர வகை அலைகளையே அழித்துவிடும் என்கிறார்கள். அப்படி நடக்கவில்லை. இளம் ஆண்களுக்கு இந்த ஊசியைப் போட்டு, ஒரு வாரம் கழித்து, இரவு முழுக்க 20 நிமிடத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அலைகளின் எண்ணிக்கையும் மாறவில்லை, உயரமும் மாறவில்லை. காரணம், தடை போடும் சோமாடோஸ்டாடின் தன் வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தது. மாறியது பள்ளம். அலைகளுக்கு இடையே இருக்கும் அடிமட்டம் ஏழரை மடங்கு ஏறிவிட்டது. சராசரி வளர்ச்சி ஹார்மோன் 46 சதவீதமும் ஐஜிஎஃப்-1 45 சதவீதமும் கூடின.

அதாவது உங்களைப் பயமுறுத்திய அந்த 0.1 இருக்கிறதே, உடம்பு வேண்டுமென்றே காலியாக வைத்திருக்கும் அந்த இடைவெளி, அதைத்தான் வார ஊசி நிரப்புகிறது. குறுகிய நேர ஊசி இன்னோர் அலையைச் சேர்த்துவிட்டுப் போய்விடும், பள்ளம் பள்ளமாகவே இருக்கும். நீண்ட நேர ஊசி அலையை விட்டுவிட்டுத் தரையை உயர்த்துகிறது. ஐஜிஎஃப்-1 மட்டும் ஏற வேண்டும் என்றால் இரண்டாவது வழி பலமானது. உடம்பின் மற்ற பாகங்கள் இதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது வேறு கேள்வி.

இன்சுலினோடு ஒப்பிட்டீர்கள். நல்ல கேள்விதான், ஆனால் ஒப்புமை பொருந்தவில்லை. கணையம் சாப்பாடு இல்லாத நேரத்திலும், தூங்கும்போதும், இன்சுலினைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த அடிச் சுரப்பு இல்லாமல் போனவருக்கு நீண்ட நேர இன்சுலின் இயற்கையின் இடத்தை நிரப்புகிறது. வளர்ச்சி ஹார்மோனில் அப்படிப்பட்ட அடிச் சுரப்பு கிட்டத்தட்ட கிடையாது. எனவே நீண்ட நேரத் தூண்டுதல் இயற்கையைப் பின்பற்றவில்லை, புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறது.

ஹைபோதலாமஸ் ஹார்மோன்களில் பொருத்தமான ஒப்பீடு வேண்டுமென்றால் இனப்பெருக்கத்தைத் தூண்டும் ஜிஎன்ஆர்எச் இருக்கிறது. 1978ல் குரங்குகளில் செய்து பார்த்தார்கள். மணிக்கு ஒருமுறை சிறு துடிப்பாகக் கொடுத்தால் சுரப்பி வேலை செய்தது, அதையே ஓயாமல் செலுத்தினால் சுரப்பி அடங்கிவிட்டது. இன்று புரோஸ்டேட் புற்றுநோயில் விந்தக ஹார்மோனை அணைத்துவைக்க லூப்ரோலைட் ஊசியை மாதக் கணக்கில் நிற்கும்படி கொடுப்பது இதே தத்துவத்தில்தான். தூண்டும் மருந்தே நீண்டு நின்றால் அணைக்கும் மருந்தாகிவிடுகிறது. வளர்ச்சி ஹார்மோனின் தூண்டு பெப்டைடு இந்த அளவுக்கு முழுசாக அணைத்துவிடுவதில்லை, மேலே சொன்ன ஆய்வே அதைக் காட்டுகிறது. ஆனால் 'நீண்டு நின்றால் நல்லதுதான்' என்று பொதுவாக நினைத்துவிடக் கூடாது என்பதற்கு இது போதுமான எச்சரிக்கை.

கிரெலின் குடும்பத்தில் மந்தமாகும் போக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஹெக்சரெலினை வயதானவர்களுக்கு நாளுக்கு இரண்டு வேளை 16 வாரம் கொடுத்தபோது சுரப்பியின் பதில் படிப்படியாகக் குறைந்தது, நிறுத்தி நான்கு வாரத்தில் மீண்டும் பழையபடி ஆனது. இந்தக் குடும்பத்தில் உங்களிடம் சொல்லியிருக்கக்கூடிய பெயர் இபாமோரெலின். அரை ஆயுள் இரண்டு மணி நேரம் அளவு. பழைய ஜிஎச்ஆர்பி-6, ஜிஎச்ஆர்பி-2 போலக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை ஏற்றுவதில்லை என்பது அதன் சிறப்பு. பசியைக் கிளறிவிடுவது ஜிஎச்ஆர்பி-6ன் பிரபலமான குணம். தொப்பையைக் குறைக்க வந்தவருக்கு அது உதவாது.

இதே கிரெலின் வாசலில், பெப்டைடே அல்லாத, வாய்வழி மாத்திரை ஒன்றும் உண்டு, எம்கே-677. ஒரு மாத்திரையின் விளைவு நாள் முழுவதும் நிற்கும். 60 வயது தாண்டிய 65 பேரை வைத்து இரண்டு வருடம் நடத்திய ஆய்வின் முடிவு 2008ல் வந்தது. முதல் வருடத்தில் கொழுப்பு நீங்கிய உடல் எடை 1.1 கிலோ கூடியது. தசையின் பலமோ நடமாட்டமோ கூடவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக 5 மில்லிகிராம் ஏறியது, இன்சுலினுக்கு உடம்பு கேட்கும் தன்மை குறைந்தது. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களிடம் நடந்த மற்றோர் ஆய்வை இதயச் செயலிழப்பு அதிகமாகத் தென்பட்டதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். எல்லாப் பெப்டைடும் இதையே செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தூண்டுதல் நாள் முழுவதும் நீளும்போது சர்க்கரையும் நீர்த் தேக்கமும்தான் முதலில் தொல்லை தருகின்றன.

இப்போது உங்கள் எச்பிஏ1சி 6.1. இது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினுக்கு எதிர்த்திசையில் இழுக்கும் ஹார்மோன். கொழுப்பைக் கரைத்துக் கொழுப்பு அமிலங்களை ரத்தத்தில் கொட்டும், அவை தசையில் இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். அலையாக வந்து போனால் நடுவில் உடம்புக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. தரையே உயர்ந்துவிட்டால் அந்த நேரம் இல்லை. குறுகிய நேர டெசமோரெலினிலேயே, 26 வாரத்தில் எச்பிஏ1சி 6.5க்கு மேல் போனவர்கள் 4.5 சதவீதம், மருந்தில்லா ஊசி போட்டவர்களில் 1.3 சதவீதம். உங்கள் இடத்தில் நிற்பவருக்கு இது சின்ன வித்தியாசம் அல்ல.

இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது, என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: பிழை வந்தால் பின்வாங்க முடியுமா? குறுகிய நேர ஊசியில் தலைவலி, முகம் சிவந்து படபடப்பு, ஊசி போட்ட இடத்தில் தடிப்பு என்று ஏதாவது வந்தால் அடுத்த ஊசியைப் போடாமல் விட்டால் போதும், சில மணி நேரத்தில் மருந்து உடம்பில் இல்லை. வார ஊசியில் அந்த வசதி இல்லை. கை விரல் மரத்துப்போகிறது, கால் வீங்குகிறது, சர்க்கரை ஏறுகிறது என்று தெரியும்போது மருந்து அல்புமினோடு ஒட்டிக் கிடக்கும். அதைப் பிரித்தெடுக்கவோ முறிக்கவோ வழியில்லை, வாரக் கணக்கில் காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்றும் நடக்கும். அரை ஆயுள் எட்டு நாளாக இருக்கும் மருந்தை ஏழு நாளுக்கு ஒருமுறை போட்டால், முந்தைய ஊசியில் பாதிக்கு மேல் மீதி இருக்கும்போதே அடுத்தது உள்ளே போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு மாதத்துக்கு மேல் போனால் ரத்தத்தில் இருக்கும் அளவு முதல் வாரத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லையே என்று அளவைக் கூட்டுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

இந்த வார ஊசிக்கு ஒப்புதல் இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். வயிற்றுக் கொழுப்பு சேர்ந்த எச்ஐவி நோயாளிகளிடம் நடந்த இரண்டாம் கட்ட ஆய்வு, பங்கேற்ற ஒருவர் மாரடைப்பில் இறந்ததை அடுத்து 2006ல் நிறுத்தப்பட்டது. மருந்தால்தான் அது நேர்ந்தது என்று நிரூபிக்கப்படவில்லை. அவருக்கு வெளியே தெரியாமல் இருந்த இதய ரத்தக்குழாய் நோயே காரணமாக இருக்கும் என்று கவனித்த மருத்துவர் கருதினார். எப்படியானாலும், அதற்குப் பிறகு இந்த மருந்து ஒப்புதலை எட்டவில்லை. மாதக் கணக்கிலோ வருடக் கணக்கிலோ போட்டால் என்ன ஆகும் என்று காட்டும் ஆய்வு கிடையாது. டெசமோரெலினுக்காவது அந்தப் பதிவுகள் இருக்கின்றன.

விற்பவர்கள் இங்கே ஒரு குழப்பத்தை உண்டாக்குகிறார்கள். "வாரத்துக்கு ஒருமுறை போடும் வளர்ச்சி ஹார்மோன் ஒப்புதல் பெற்றாகிவிட்டதே" என்பார்கள். உண்மைதான். சோமபசிட்டான் 2020லும், லோனபெக்சோமட்ரோபின் 2021லும், சோமட்ரோகான் 2023லும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆனால் அவை வளர்ச்சி ஹார்மோனே தவிர, அதைத் தூண்டும் பெப்டைடு அல்ல. அதுவும் சோதனையில் குறைபாடு உறுதியானவர்களுக்கு, ஐஜிஎஃப்-1 பார்த்துப் பார்த்துக் கொடுப்பதற்கு. இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பிட்யூட்டரி கட்டியாலோ அறுவை சிகிச்சையாலோ கதிர்வீச்சாலோ சுரப்பி சேதமாகி உண்மையான குறைபாடு வந்தவருக்குத் தூண்டும் பெப்டைடு உதவாது, ஏனென்றால் தூண்டப்பட வேண்டிய செல்களே அங்கே இல்லை. உங்களைப்போல சுரப்பி நன்றாக இருப்பவருக்கு அது தேவைப்படுவதில்லை.

குப்பிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஏசி உள்ளதும் இல்லாததும் ஒரே 'சிஜேசி-1295' பெயரில், ஒரே மாதிரி வெள்ளைத் தூளாக வருகின்றன. அரை மணி நேரம் நிற்பதாக நினைத்து நாளுக்கு மூன்று முறை போடும் குப்பியில் வாரம் முழுக்க நிற்கும் சரக்கு இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 'ஆய்வுக்கு மட்டும்' என்று ஒட்டி விற்கும் பொருளில் உள்ளே என்ன, எவ்வளவு, கிருமி நஞ்சு கலந்திருக்கிறதா என்று யாரும் பொறுப்பேற்பதில்லை. நீங்கள் எந்தப் போட்டியிலாவது கலந்துகொள்பவரானால், இரண்டு குடும்பமும், குறுகியதோ நீண்டதோ, உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கின்றன.

சரி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை ஒரு நோயாளிக்கு வந்தால் நான் எதை எடுப்பேன்? தயங்காமல் குறுகியதை. டெசமோரெலினுக்கு ஒப்புதல் தரப்பட்ட காரணம் அவரிடம் இருக்க வேண்டும், புற்றுநோய் எதுவும் இருக்கக் கூடாது, சர்க்கரையும் ஐஜிஎஃப்-1ம் குறித்த இடைவெளியில் பார்க்கப்பட வேண்டும், பலன் தெரியாவிட்டால் நிறுத்திவிட வேண்டும். தினமும் ஊசி குத்திக்கொள்வது தொல்லைதான். ஆனால் ஒவ்வொரு நாளும் 'இன்று வேண்டாம்' என்று சொல்லும் உரிமை உங்களிடமே இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை என்ற வசதிக்காக அதை விட்டுக்கொடுக்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய குறட்டைதான் என் கண்ணில் முதலில் பட்டது. 47 வயது, தொப்பை, பலமான குறட்டை, போகாத களைப்பு, சர்க்கரைக்கு முந்தைய நிலை. தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயை இது வெளிப்படையாகச் சுட்டுகிறது. மூச்சு தடைப்படும் ஒவ்வொரு முறையும் ஆழ்ந்த தூக்கம் கலைகிறது. நாளின் பெரிய அலை எழ வேண்டிய நேரமே அதுதான். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பும் வளர்ச்சி ஹார்மோன் சுரப்பைத் தனியாக அமுக்குகிறது, எடை நன்றாகக் குறைந்தால் சுரப்பு மீள்கிறது என்பது உடல் பருமன் உள்ளவர்களிடம் காட்டப்பட்டிருக்கிறது. அதாவது உங்களுக்குச் சுரப்பு கொஞ்சம் குறைந்தே இருந்தாலும், காரணம் பிட்யூட்டரிக்கு வெளியேதான் இருக்கக்கூடும். அந்த நிலையில் வெளியிலிருந்து தூண்டுவது நீரைத் தேக்கித் தொண்டைத் திசுக்களை இன்னும் வீங்கவைத்து மூச்சுத் தடையைக் கூட்டவும் செய்யலாம்.

ஆகவே முதலில் தூக்க ஆய்வு ஒன்று செய்துகொள்ளுங்கள். வீட்டிலேயே ஓர் இரவு கருவி மாட்டிச் செய்வதும் இருக்கிறது. கூடவே தைராய்டுக்கு டிஎஸ்எச், காலை எட்டு ஒன்பது மணிக்குள் எடுத்த டெஸ்டோஸ்டெரோன், முழு ரத்த எண்ணிக்கை, வைட்டமின் பி12, வெறும் வயிற்றுச் சர்க்கரை. ஐஜிஎஃப்-1 ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம், உங்கள் வயதுக்கான அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அது நன்றாக இருந்தால் வளர்ச்சி ஹார்மோன் பேச்சையே விட்டுவிடலாம். வயதுக்கான அளவைவிடக் குறைந்து, கூடவே விடாத தலைவலி, பக்கவாட்டுப் பார்வை குறைதல், பாலுணர்வு குறைதல், பழைய பெரிய தலைக்காயம் இவற்றில் ஏதாவது இருந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பார்த்துத் தூண்டல் சோதனை செய்யச் சொல்லுங்கள். வெறும் வளர்ச்சி ஹார்மோன் அளவை மறுபடி எடுக்காதீர்கள், பணம்தான் வீண்.

மூச்சுத் தடை உறுதியானால் காற்றழுத்தக் கருவியும் எடைக் குறைப்பும்தான் சிகிச்சை. களைப்பு பலருக்குச் சில வாரங்களில் மாறுவதைப் பார்க்கிறேன். தொப்பைக்கு மருந்துதான் வேண்டும் என்றால், சர்க்கரையையும் சேர்த்துக் குறைக்கும், ஒப்புதலும் வருடக்கணக்கான ஆய்வும் உள்ள எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசலாம். அங்கேயும் வார ஊசி இருக்கிறது. அதை நாங்கள் தயங்காமல் தருவதற்குக் காரணம், வாரம் முழுக்க நிற்பது அங்கே நன்மை என்று பல்லாயிரம் பேரிடம் பரிசோதித்துப் பார்த்தாகிவிட்டது.

கேள்வி எழுதிய பிறகு ஒருவேளை முதல் ஊசியைப் போட்டுவிட்டிருந்தால் பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். எந்தக் குப்பி, என்றைக்கு, எவ்வளவு என்று குறித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். வார வகையாக இருந்தால் அடுத்த ஒரு மாதம் வெறும் வயிற்றுச் சர்க்கரையை வாரம் ஒருமுறை பாருங்கள். ஐஜிஎஃப்-1 சோதனையை அந்த மாதம் கழிந்த பிறகே எடுங்கள், முன்னால் எடுத்தால் ஊசியின் அளவுதான் தெரியும், உங்கள் அளவு தெரியாது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ கால் வீக்கமோ வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.